தெளிந்த வட்டம்

இன்குபேட்டர் கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறேன். இழுத்தால் திறந்துகொள்ளும். இருபத்திமூன்று வருஷமாகத் தினம் காலையில் இழுக்கிற கதவுதான், இன்றைக்கு மட்டும் கை அங்கேயே நிற்கிறது. மணி ஏழு ஐம்பது. பெரிய டாக்டரம்மா எட்டரைக்கு வந்துவிடுவார், அதற்குள் பார்த்துவிட வேண்டும், பார்த்தால்தான் என்ன செய்வதென்று யோசிக்கலாம், யோசிக்க என்ன இருக்கிறது, போன் செய்ய வேண்டும், அவ்வளவுதான். முப்பத்தேழு என்று சிவப்பு எண் காட்டுகிறது, மனுஷ உடம்பின் சூடு, உள்ளே இருப்பவை இன்னும் ஓர் உடம்புக்குள்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் பெருகியிருக்கும். இரண்டாவது தட்டு வரிசை, இடது ஓரம். மேலே ஒட்டிய டேப்பில் என் கையெழுத்து: இன்பவள்ளி, 29, ஐசியூ, படுக்கை 6. எழுத்து கோணலாக இருக்கிறது என்று நேற்றே பட்டது, நேற்று அதை மாற்றி எழுதக்கூடத் தோன்றியது, எழுத்தைத் திருத்த நேரம் இருந்தது எனக்கு. அந்தக் கண்ணாடித் தட்டில் நேற்று மத்தியானம் கிருமியைப் பஞ்சால் தடவி, அதன்மேல் ஆறு காகித வட்டுகளை வைத்தேன், ஒவ்வொன்றும் சட்டைப் பட்டனைவிடச் சின்னது, ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து ஊறியிருக்கிறது. மருந்துக்குக் கிருமி கட்டுப்பட்டால் வட்டைச் சுற்றி எதுவும் முளைக்காது, சுத்தமாக ஒரு வட்டம் விழும். கட்டுப்படாவிட்டால் வட்டின் விளிம்புவரைக்கும் வெள்ளையாகப் படர்ந்து நிற்கும். மாணவர்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன், வட்டம் இருந்தால் மருந்து உண்டு, வட்டம் இல்லாவிட்டால் இல்லை, சின்னப் பிள்ளைக்கும் புரியும். வட்டம் இருந்தால் மருந்து உண்டு. மருந்து உண்டு என்றால் அது சனிக்கிழமையும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் இருந்தது. இங்கேதான் நினைப்பு முட்டிக்கொண்டு நிற்கிறது, விடியற்காலையிலிருந்து இங்கேதான் நிற்கிறது. வட்டம் ஒன்றுகூட இல்லாவிட்டால் யாரும் எதுவும் செய்திருக்க முடியாது, சனிக்கிழமை சரியாகச் சொல்லியிருந்தாலும் அந்தப் பெண் போகிற வழியில்தான் போயிருப்பாள், நான் என்ன சொன்னேன், என்ன சொல்லவில்லை என்பது ஒரு கணக்கிலும் வராது. விடியற்காலை ஃபஜ்ர் தொழுதுவிட்டுக் கையை ஏந்தினேன், என்ன கேட்பது? அந்தப் பிள்ளைக்கு ஷிஃபாவை, சுகத்தைக் கொடு என்று வாய் ஆரம்பித்தது, அதற்கு அடியில், வாய்க்குக் கீழே, நெஞ்சுக்கும் கீழே எங்கேயோ இன்னொன்று கேட்டுக்கொண்டிருந்தது, யா அல்லாஹ் வட்டம் எதுவும் இருக்க வேண்டாம் என்று. கையை அப்படியே மடக்கிக்கொண்டேன். வழக்கம்போல முகத்தில் தடவிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை. சனிக்கிழமை காலை பத்தே கால். ரத்தம் ஊற்றிய பாட்டில் இருக்கிற மெஷின் கத்தியது, ஆறாம் படுக்கை, உள்ளே ஏதோ வளர்கிறது என்று அர்த்தம். பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் துண்டில் தேய்த்தேன், காயவைத்தேன், தீயில் காட்டினேன். முதலில் ஊதாச் சாயம், ஒரு நிமிஷம். தண்ணீர். பிறகு அயோடின், ஒரு நிமிஷம். தண்ணீர். பிறகு அசிட்டோன். இந்த இடம்தான். அசிட்டோன் விட்டால் ஒரு ஜாதிக் கிருமி ஊதாவைப் பிடித்துக்கொள்ளும், அது பாசிட்டிவ். இன்னொரு ஜாதி விட்டுவிடும், அதன்மேல் சிவப்புச் சாயம் விட்டால் இளஞ்சிவப்பாகத் தெரியும், அது நெகட்டிவ். இரண்டுக்கும் மருந்து வேறு. இரண்டு மூன்று செகண்ட் கூடினாலோ குறைந்தாலோ நிறம் மாறிப்போகும், அதற்குத்தான் வாய்விட்டு எண்ணுவது, பழகிய கைக்கு எண்ணாமலே தெரியும். எண்ணினேனா? எண்ணினேன். இல்லை, போன் அடித்தது. போன் அடித்தது அசிட்டோன் விடும்போதா, அயோடின் நிற்கும்போதா? மகள் ஷஹீதாதான் கோயம்புத்தூரிலிருந்து பேசினாள், பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை, எதற்கும் டெஸ்ட் எடுக்கலாமா என்றாள், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, அப்பொழுது கையில் எந்தப் புட்டி இருந்தது? தெரியவில்லை. நேற்றிலிருந்து அந்த ஒரு நிமிஷத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் புட்டி மாறிவிடுகிறது. லென்ஸில் கண்ணை வைத்தேன். ஊதா. ஜோடி ஜோடியாக உருண்டைகள், ஊதா, சந்தேகமில்லாத ஊதா. ஐசியூவுக்குப் போன் போட்டு, கிராம் பாசிட்டிவ் காக்கஸ், உருண்டைக் கிருமி என்றேன், அந்தப் பக்கம் டாக்டர் கௌசிக், சின்னப் பையன், படித்துக்கொண்டே வேலை பார்க்கிறவன், தேங்க்ஸ் மேடம் உடனே வான்கோமைசின் போட்டுடுறோம் என்றான். எனக்கு நன்றாக இருந்தது. அதுதான், அந்த உடனே என்ற வார்த்தை நன்றாக இருந்தது. சாயம் பார்த்து ஒரு மணி நேரத்தில் மருந்து மாறுகிறது, என் வார்த்தையின்மேல் ஊசி ஏறுகிறது. இந்தக் கிருமி அப்படித்தான், சில நேரம் நெகட்டிவாக இருந்துகொண்டே ஊதாவை விடாமல் பிடித்துக்கொள்ளும், நீளம் குறைந்து உருண்டையாகத் தெரியும், பாசிட்டிவ் மாதிரியே வேஷம் போடும், புத்தகத்திலேயே எச்சரிக்கை எழுதியிருக்கிறது, அந்தப் பக்கத்தை நானே பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். அப்படியானால் அது கிருமியின் வேலை, என் வேலை இல்லை. அல்லது போனின் வேலை. அல்லது என் கண். பொங்கலுக்குப் பிறகு இடது கண்ணில் விளக்கைச் சுற்றி ஒரு புகை தெரிகிறது, யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் மைக்ரோஸ்கோப்பிலிருந்து எழுப்பி ரிஜிஸ்டர் எழுத உட்கார்த்திவிடுவார்கள். கிருமி, போன், கண். மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறேன். மூன்றில் எது என்று தெரிந்தாலும் சனிக்கிழமையோடு முடிந்துபோகிற தப்புதான் அது. யாருக்கும் நடக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன வைத்துக்கொள்ளப் போகிறேன்?

"அக்கா, கதவுகிட்ட நின்னு தூங்குறீங்களா?" பூங்கோதை பக்கெட்டை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள், பாட்டில் கழுவுகிறவள், இந்த லேபில் எனக்கு அடுத்தபடி நாள்பட்டவள். "இல்லடி, பேப்பர் தேடுறேன்" என்கிறேன். என்ன பேப்பர், எதற்குப் பேப்பர், அவள் கேட்கவில்லை. "அந்த அண்ணன் ஆறு மணிக்கெல்லாம் வந்து பெஞ்சுல உக்காந்துருச்சுக்கா. டீ வாங்கிக் கொடுத்தேன், வேணாம்னுருச்சு." எனக்குத் தெரியும், வரும்போதே பார்த்தேன், பார்க்காத மாதிரி துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கவாட்டு வாசல் வழியாக வந்தேன். தவசிமுத்து. மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டுகிறவர், நகக்கண்ணில் வார்னிஷ் கறுத்துப்போயிருக்கும். இன்பவள்ளியின் அண்ணன். பன்னிரண்டு நாளாக இருக்கிறார், லேபுக்கு வெளியே உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, சொன்னாலும் போகமாட்டார். அவர் சொல்லித்தான் முழுக் கதையும் தெரியும். பெண் தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், வெக்கை தாங்காமல் தரையில் படுத்திருக்கிறாள், விடியும்போது வயிறு வலிக்கிறது என்றிருக்கிறாள், கண் இமை தூக்க முடியவில்லை என்றிருக்கிறாள், கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாதாமே, பல் பட்ட இடம்கூடத் தெரியாதாமே, ஆஸ்பத்திரிக்கு வரும்போது மூச்சு நின்றுகொண்டிருந்தது, குழாய் போட்டு மெஷினில் வைத்தார்கள். ஏழாம் நாள் விரல் அசைந்தது. எட்டாம் நாள் இமை. அன்றைக்கு அவர் இந்த வாசலில் நின்ற எல்லோருக்கும் கடலை மிட்டாய் கொடுத்தார், எனக்கும் கொடுத்தார், நான் கோட்டுப் பையில் போட்டு மறந்துவிட்டேன். விஷம் இறங்கிவிட்டது, பாம்பிடமிருந்து மீண்டுவிட்டாள். ஒன்பதாம் நாள் காய்ச்சல். பாம்பு கொடுத்ததில்லை அது, நாம் கொடுத்தது, குழாயிலிருந்தோ, கையிலிருந்தோ, கட்டில் கம்பியிலிருந்தோ, இந்தக் கட்டிடத்துக்குள் எங்கே இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாத, எல்லா இடத்திலும் இருக்கிற ஒன்று.

ஞாயிற்றுக்கிழமைக்கு வந்துவிட்டேன். சுற்றிச் சுற்றி வந்தாலும் கடைசியில் அங்கேதான் வர வேண்டியிருக்கிறது. நேற்று எனக்கு ஒரு மணிவரை டியூட்டி. பதினொன்றரைக்கு அந்தப் பெண்ணின் தட்டுகளை எடுத்தேன், சனிக்கிழமை பாட்டிலிலிருந்து தடவி வைத்த இரண்டு தட்டுகள். ரத்தத் தட்டில் வளர்ந்திருந்தது, வளரத்தான் வேண்டும், அதில் எல்லாம் வளரும். மெக்கான்கி தட்டிலும் வளர்ந்திருந்தது. மெக்கான்கியில் பாசிட்டிவ் கிருமி வளராது, வளரவிடாத உப்பு அதில் இருக்கிறது, நெகட்டிவ் மட்டும்தான் வளரும், அதற்காகவே செய்த தட்டு அது. வெளிறிய, வழுவழுப்பான புள்ளிகள், சாதம் வடித்த கஞ்சி சொட்டுச் சொட்டாக உறைந்த மாதிரி. முதலில் வந்த நினைப்பு என்ன தெரியுமா, யாரோ வேறு தட்டை இங்கே வைத்துவிட்டார்கள் என்பது. டேப்பைப் பார்த்தேன், என் கையெழுத்து. மறுபடி சாயம் போட்டேன், இந்தத் தடவை வாய்விட்டு எண்ணினேன், லேபில் யாருமில்லை, என் சத்தம் எனக்கே கேட்டது. லென்ஸில் இளஞ்சிவப்பு. குட்டையான, பருத்த, ஜோடி ஜோடியான இளஞ்சிவப்பு. அப்பொழுதே தெரிந்துவிட்டது, பேர்கூடத் தெரிந்துவிட்டது, அசினெட்டோபாக்டர். போனை எடுத்தேன். ஐசியூவுக்கு நாலு நம்பர். மூன்று நம்பர் அழுத்தினேன். நாலாவது நம்பர் ஏழு. ஏழின்மேல் விரல் இருந்தது. என்ன சொல்வது, நேற்று நான் சொன்னது தப்பு என்று ஒரு வரி, அதற்குமேல் ஒன்றும் வேண்டாம், ஒரு வரி. போன வருஷம் இதே லேபில் வேலை பார்த்த கதிரேசன் இரண்டு பேருடைய சளி ஸ்லைடை மாற்றிவிட்டான், காசநோய் இல்லாதவனுக்கு ஒரு வாரம் மாத்திரை ஓடியது, மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் நின்றான், கழுத்து வேர்த்திருந்தது, நான்தான் சொன்னேன், கண் வேலையில் இருந்தால் கை தப்பாது என்று. அவனை மலைமேல் ஏதோ ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனான். ஏழின்மேல் விரல் இருக்கும்போது எனக்கு அந்தப் பெண் ஞாபகம் வரவில்லை, கதிரேசனின் கழுத்து ஞாபகம் வந்தது. எதற்கும் சென்சிடிவிட்டி போட்டுவிடுவோம், நாளைக்குக் காலையில் எந்த மருந்து என்று முழுசாகத் தெரிந்துவிடும், அப்பொழுது எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லிவிடலாம், அரைகுறையாகச் சொல்லிக் குழப்புவானேன். இப்படி ஒரு வாக்கியம் எங்கிருந்தோ வந்தது, நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்தது, நான் அதற்கு நாற்காலி போட்டேன். போனை வைத்தேன். ஆறு வட்டுகளை வைத்தேன். ரிஜிஸ்டரில் "சென்சிடிவிட்டி போடப்பட்டது" என்று எழுதினேன், முந்தின நாள் வரியைப் பார்க்காமல் எழுதினேன். வீட்டுக்குப் போய் நெத்திலி சுத்தம் செய்தேன். வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு உப்பு தூக்கல் என்றார். மத்தியானம் தூங்கினேன். அதுதான் இன்னும் நம்ப முடியவில்லை, தூங்கினேன், கனவுகூட இல்லாமல் இரண்டு மணி நேரம்.

கதவை இழுத்துவிட்டேன். எப்பொழுது இழுத்தேன் என்று தெரியவில்லை, முகத்தில் சூடு அடிக்கிறது, வளர்ந்த தட்டுகளின் அந்த வாடை, ஈரத் துணியும் புளித்த மாவும் சேர்ந்த மாதிரி, நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த வாடையோடு வீட்டுக்குப் போவேன், என்னைப் பெற்ற அத்தா பார்க்க வந்தபோது பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு என்னம்மா வேலை இது என்றார், நோயைப் பிடிக்கிற வேலை அத்தா என்றேன், அதுக்குப் பேர் தெரிஞ்சாத்தான் டாக்டர் அடிக்க முடியும் என்றேன். பெருமையாகச் சிரித்தார். தட்டை எடுத்து ஜன்னல் பக்கம் வருகிறேன். இன்னும் குனிந்து பார்க்கவில்லை. கை உயரத்தில் தட்டு, கண் ஜன்னலில், வெளியே வேப்பமரத்தடியில் இரண்டு நர்ஸ் மாணவிகள் ஒரே டிபன் டப்பாவில் சாப்பிடுகிறார்கள். பார். பார்த்துவிடு. பார்க்கிறேன். முதல் வட்டு, படர்ந்திருக்கிறது. இரண்டாவது, படர்ந்திருக்கிறது. மூன்றாவது மெரோபெனம், ஏற்கெனவே அவளுக்கு ஓடிக்கொண்டிருப்பது, படர்ந்திருக்கிறது, காய்ச்சல் வந்த நாளிலிருந்து ஊற்றியது அத்தனையும் தண்ணீர். நாலாவது, இல்லை. ஐந்தாவது, இல்லை. நெஞ்சில் ஏதோ தளர்கிறது, வெட்கம்கெட்டுத் தளர்கிறது, ஒன்றுமே இல்லை, எதற்குமே கட்டுப்படாது, நான் சொல்லியிருந்தாலும் ஒன்றும் இல்லை. தட்டைத் திருப்புகிறேன். ஆறாவது, அமிகாசின். சுற்றிலும் சுத்தமாக, கழுவித் துடைத்த மாதிரி, அடியில் பிடித்திருக்கிற என் விரல் ரேகை தெரிகிற அளவுக்குத் தெளிவாக ஒரு பெரிய வட்டம். ஸ்கேலை வைத்தேன். இருபத்திரண்டு மில்லிமீட்டர். பதினேழு இருந்தாலே போதும். மறுபடி வைத்தேன். இருபத்திரண்டு. பழைய மருந்து. ஸ்டோரில் பெட்டி பெட்டியாக இருக்கிறது, எந்தக் கிராமத்து ஆஸ்பத்திரியிலும் இருக்கும்.

நாலு நம்பரும் அழுத்தினேன். ஏழில் விரல் நிற்கவில்லை. "ஐசியூ, கௌசிக் பேசுறேன்." தூங்காத குரல். "டாக்டர், லேப்ல இருந்து மெஹருன்னிசா. ஆறாம் பெட் இன்பவள்ளி, பிளட் கல்ச்சர்." "சொல்லுங்க மேடம், அதுக்குத்தான் காத்துட்டிருக்கோம்." "அசினெட்டோபாக்டர். கிராம் நெகட்டிவ்." "நெகட்டிவா? சனிக்கிழமை பாசிட்டிவ்னு சொன்னீங்களே மேடம்?" "ஆமா. நான்தான் சொன்னேன். அது தப்பு." "எந்த மருந்துக்குக் கேக்குது?" என்றான். "அமிகாசின். நல்லாக் கேக்குது. மத்த எதுக்கும் இல்ல." மூச்சு விடுகிற சத்தம். "யூரின் நேத்து சாயங்காலத்துல இருந்து நின்னுருச்சு மேடம். பிரஷர் மருந்துலதான் நிக்குது, அதுவும் இறங்கிட்டே வருது. வான்கோமைசின் கிட்னிய அடிச்சிருக்கும்னு சந்தேகம். அமிகாசினும் கிட்னிக்கு ஆகாது. சரி, பரவால்ல, போடுறேன், இப்பவே ஒரு டோஸ் போடுறேன். ஆனா..." "ஆனா என்ன டாக்டர்?" "ஒண்ணுமில்ல மேடம். சனிக்கிழமை தெரிஞ்சிருந்தா நல்லாருந்துருக்கும். தேங்க்ஸ் மேடம்." தேங்க்ஸ் என்றான். பழக்கத்தில் சொல்லிவிட்டான். ரிசீவரை வைக்காமல் கையில் வைத்திருந்தேன். சனிக்கிழமை தெரிந்திருந்தால். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை பற்றித் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்வரை அவளுக்குச் சிறுநீர் வந்துகொண்டிருந்தது. நான் மீன் சுத்தம் செய்யும்போது வந்துகொண்டிருந்தது. தூங்கும்போதுகூட வந்துகொண்டிருந்திருக்கும்.

பெரிய டாக்டரம்மா எட்டு இருபதுக்கே வந்துவிட்டார். தட்டைப் பார்த்தார், சனிக்கிழமை ஸ்லைடைக் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன், லென்ஸில் நீண்ட நேரம் பார்த்தார். அவர் பார்க்கும்போது நான் அவருடைய பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், ஊதாதானே டாக்டர், உங்களுக்கும் ஊதாதானே, சொல்லுங்கள். "யார் பாத்தாலும் பாசிட்டிவ்னுதான் சொல்லுவாங்க மெஹர்" என்றார். "இது ஏமாத்துற கிருமி. நானா இருந்தாலும் அப்படித்தான் ரிப்போர்ட் பண்ணியிருப்பேன். மனசுல வச்சுக்காத." நேற்றிலிருந்து நான் கேட்க ஏங்கிய வார்த்தை. கண்ணும் இல்லை, போனும் இல்லை. என் காதில் அது விழுந்து, எங்கேயும் போய்ச் சேராமல் கிடந்தது. "டாக்டர், எனக்கு நேத்தே தெரியும்" என்றேன். "என்ன தெரியும்?" "மெக்கான்கில வளந்துருந்துச்சு. மறுபடி சாயம் போட்டேன். நெகட்டிவ்னு நேத்து பதினொன்றரைக்கே தெரியும். போன் பண்ணல." கண்ணாடியைக் கழற்றினார். என்னை இருபது வருஷமாகத் தெரிந்தவர், என் மகள் கல்யாணத்துக்கு மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்தவர். "ஏன்?" என்றார். ஏன் என்று எனக்கு ஒரு வாக்கியம் இருந்தது, முழுசாகத் தெரிந்த பிறகு என்று ஆரம்பிக்கிற வாக்கியம், வாயில் வரவில்லை. பூங்கோதை குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றாள். டாக்டரம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இது இந்த ரூமோட இருக்கட்டும். ஃபைனல் ரிப்போர்ட் ஒண்ணு மட்டும் அடி. நேத்து நீ சென்சிடிவிட்டி போட்டே, அவ்வளவுதான். வெளிய யார்கிட்டயும் பேசாத, கேக்குதா?" "கேக்குது டாக்டர்." அவர் குரலில் கோபம் இல்லை, என்னைக் காப்பாற்றுகிற குரல், என்னை மட்டுமா, இந்த லேபை, இந்தப் பெயர்ப்பலகையை, நாளைக்கு இங்கே வரப்போகிற தட்டுகளை. கதிரேசனுக்கு யாரும் கதவைச் சாத்தவில்லை.

ரிப்போர்ட்டை அடித்தேன். அசினெட்டோபாக்டர், ஐந்து மருந்துக்கு நேராகக் கட்டுப்படவில்லை, ஒன்றுக்கு நேராகக் கட்டுப்படும். கையெழுத்துப் போட்டேன். யாரிடமாவது கொடுத்தனுப்பலாம், நானே எடுத்துக்கொண்டு கிளம்பினேன், இந்தத் தடவை முன்வாசல் வழியாக. தவசிமுத்து எழுந்தார். கையில் ஒரு பாலித்தீன் பை, அதில் ஒரு சீப்பும் வளையலும் தெரிந்தன, ஐசியூவில் கழற்றிக் கொடுத்தது. "வந்துருச்சாம்மா?" "வந்துருச்சு." "மருந்து இருக்காம்மா?" இருக்கிறது என்பது உண்மை, இந்த உலகத்தில் அதைவிட உண்மை இன்றைக்கு என் கையில் இல்லை. "இருக்கு. ஒண்ணு இருக்கு. இப்ப போட ஆரம்பிச்சிருப்பாங்க." அவர் முகம் என்னவோ ஆயிற்று, அழுகிறாரா என்று தெரியவில்லை, கையைக் கூப்பினார், பையோடு சேர்த்துக் கூப்பினார். "ரெண்டு நாளா யாரும் ஒரு வார்த்த சொல்லலம்மா. நீங்கதான். நீங்க நல்லாருக்கணும்மா." கும்பிடாதீங்க என்று சொல்ல நினைத்தேன். "லேட்டாயிருச்சு" என்றேன். "நேத்தே சொல்லியிருக்கணும்." "நேத்து ஞாயித்துக்கிழமைல்லம்மா, ஆஸ்பத்திரில ஆள் இருக்க மாட்டாங்கல்ல, நீங்க என்ன செய்வீங்க" என்றார், என்னைச் சமாதானப்படுத்துகிறார், எனக்காக ஒரு காரணம் தேடிக் கொடுக்கிறார், இதை எடுத்துக்கொண்டு போய்விடலாம், இந்த ரூமோடு இருக்கட்டும் என்று டாக்டரம்மா சொன்னது இதையும் சேர்த்துத்தான். "நேத்து நான் இங்கதான் இருந்தேன்" என்றேன். அவர் கூப்பிய கை அப்படியே இருந்தது. அவருக்குப் புரிந்ததா என்று பார்ப்பதற்குள் வராந்தாவின் கடைசியிலிருந்து ஐசியூ ஆயா கத்தினாள், "ஆறாம் பெட்டு, இன்பவள்ளி கூட வந்தவங்க யாரு, சீக்கிரம் வாங்க." சீக்கிரம் வாங்க என்று எதற்குக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. மருந்து போட்டதும் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஓடினார்.

நானும் போனேன். கால் போயிற்று. மாடிப்படி ஏறும்போது ரிப்போர்ட்டை மடிக்காமல் பிடித்துக்கொண்டு ஏறினேன், கசங்கக் கூடாது என்கிற மாதிரி. நான் போய்ச் சேர்வதற்குள் கௌசிக் வெளியே வந்து சொல்லிக்கொண்டிருந்தான், ரொம்ப முயற்சி பண்ணோம் என்று, எட்டே முக்காலுக்கு இதயம் நின்றது, மறுபடி ஓட வைத்துப் பார்த்தோம் என்று. மருந்து பாதி ஏறியிருந்தது என்றும் சொன்னான், அதை ஏன் சொன்னான், பாதி என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார். தவசிமுத்து கேட்டுக்கொண்டே நின்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையை ஆட்டினார், காயில் கட்டக் கொடுக்கிற ஆள் மோட்டாரின் கோளாறைச் சொல்லும்போது ஆட்டுவாரே அப்படி. கௌசிக் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான். வராந்தாவில் நானும் அவரும். சுவரில் சாய்ந்து மெல்ல உட்கார்ந்தார். நான் போயிருக்கலாம். கதவைச் சாத்திய அறைக்குப் போயிருக்கலாம், அங்கே எனக்கு இடம் இருந்தது. நின்றேன். ரொம்ப நேரம் கழித்துத் தலையைத் தூக்கினார், கோபமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன், கோபமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற முகம்தான் இருந்தது. "நேத்துன்னீங்களேம்மா. நேத்து எத்தன மணிக்கு?" என்றார். ஒரு மணி என்று சொல்லலாம். சாயங்காலம் என்று சொல்லலாம். யாருக்கும் தெரியாது. "பதினொன்றரை" என்றேன். அவர் அந்த நேரத்தை எங்கேயோ வைத்துப் பார்ப்பது தெரிந்தது. "பதினொன்றரைக்கு என்னைய உள்ள விட்டாங்க" என்றார். "வள்ளின்னு கூப்ட்டேன். கண்ணத் தொறந்து பாத்துச்சும்மா. என்னையத் தெரிஞ்சுச்சு."